ஞானப்பூ கொடுத்த பால்

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைக்க முடியாது.

1931-ஆம் வருஷம், கன்னிப்பூ நெல் அறுவடை சமயம். எனக்கு ஆண்பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஜன்னி கண்டது. இரணியலிலிருந்து வண்டியில் படுக்க வைத்து நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தவள் நான். இவனும் போய்விடுவானோ என்று பயந்தேன். காய்ச்சலில் என் பால் வற்றிவிட்டது. பசும்பாலைச் சங்கில் புகட்டினால் அப்படியே கக்கினான். அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

அந்த வார்டில் ஞானப்பூ என்று ஒரு நர்ஸ். முதல் நாளே அவளிடம், “நீ எந்த சபை?” என்று கேட்டேன். நம் ஊரில் அந்தக் கேள்வி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். சபையைச் சொன்னால் ஜாதி தெரிந்துவிடும். அவள் சொன்னாள். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பைக் கட்டிலின் மறுபக்கம் நகர்த்தி வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். என் அழுக்குத் துணியை அவள் அலசலாம், என் செம்பைத் தொடக் கூடாது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற நான் அப்படித்தான் இருந்தேன்.

பிள்ளை பிறந்த ஐந்தாம் நாள் மத்தியானம் அவன் உதடு காய்ந்து கிடந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி ஜெபித்தேன். “ஆண்டவரே, யாரையாவது அனுப்பும். யாரானாலும் சரி.”

கண்ணைத் திறந்தால் ஞானப்பூ நிற்கிறாள். வேலை முடிந்து, சொந்தச் சேலை உடுத்தி, வீட்டுக்குப் புறப்பட்டவள்.

“அம்மா, எனக்க பிள்ளைக்கு அஞ்சு மாசம். எனக்குப் பால் உண்டு. குடுக்கட்டா?”

யாரானாலும் சரி என்று இப்போதுதானே சொன்னேன். கூட இருந்த என் புருஷன் என் முகத்தையே பார்த்தார்.

“குடு மக்கா,” என்றேன்.

பிள்ளை பற்றிக்கொண்டு குடித்தான். அவன் தொண்டை அசைவதைப் பார்த்தேன். தேவன் அந்தக் கட்டிலருகே நிற்கிறார் என்று அறிந்தேன். பயமாகவும் இருந்தது.

பதினோரு நாள் கொடுத்தாள். அது அவள் வேலை இல்லை, அவளை யாரும் ஏவவும் இல்லை. லீவு நாளிலும் தன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தாள். முதலில் என் மகனுக்கு, பிறகுதான் அவள் மகளுக்கு.

“உனக்க பிள்ளைக்குப் போருமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவளுக்குக் கஞ்சித்தண்ணி ஒத்துக்கிடும். இவனுக்கு வேற ஒண்ணும் ஒத்துக்கிடல்லியே,” என்றாள்.

ஜன்னி இறங்கியது. எனக்கும் பால் ஊறியது. வீட்டுக்குப் புறப்பட்ட அன்று என் மூட்டையை வண்டிவரை அவளே தூக்கி வந்தாள். களைத்துப்போய்க் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். கேட்டுவிட்டு, நான் மேலிருந்து ஊற்றுவேன் என்று இரண்டு கையையும் குவித்து நீட்டினாள். என்னைப் போன்றவர்களிடம் அப்படியே குடித்துப் பழகியவள். அந்தக் கையைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். செம்பை அந்தக் கைகளுக்குள் வைத்தேன். அவள் வாய் வைத்துக் குடித்தாள். மிச்சத்தை நான் குடித்தேன்.

“போயிட்டு வாருங்க, அக்கா,” என்றாள். அதுவரை அம்மா என்றுதான் அழைத்திருந்தாள்.

என் மகனுக்கு இப்போது ஏழு வயது. ஞானப்பூவை என் தங்கை முறையில் சின்னம்மை என்று கூப்பிடுகிறான். அவள் வந்து போகிற வீடு என்று உறவுக்காரர் சிலர் எங்கள் வீட்டில் கைநனைப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள். அவர் நிச்சயமாக அனுப்புவார். வந்து நிற்கிறவரிடம், எந்த சபை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.