'என்ன' என்றால் வரும் நாய்

என் சிநேகிதி மலையகத்துக்காரி. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். போன வருடக் கடைசியில், தேயிலைத் தோட்டப் பாதைகளில் நடக்கும் நெடுந்தூர ஓட்டம் ஒன்றுக்குத் தன் பெயரோடு என் பெயரையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் தொலைபேசியில் சொன்னாள்.

"முழுக்க ஏத்தம் எறக்கம்தான்டி. இப்பவே மலையில ஓடிப் பழகு."

"இஞ்சை மலைக்கு எங்கையடி போறது?"

"ஏன், ஒங்க ஊர்ல கீரிமலை இருக்குதுல்ல?"

சிரித்துச் சிரித்து விலா நொந்தது. கீரிமலையில் கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, ஆடி அமாவாசைக்குச் சனம் இருக்கிறது. மலை மட்டும் இல்லை. எங்கள் பக்கத்தில் உயரமான இடம் வேண்டுமென்றால் தண்ணீர்த் தாங்கியில்தான் ஏற வேண்டும். தொலைபேசியை வைத்ததும் வீடு மறுபடி சத்தமற்றுப் போனது. அந்தச் சத்தமின்மைக்குப் பயந்துதான் ஓடத் தொடங்கினேன்.

ஏற்றம் இல்லாத குறைக்குத் தூரத்தைக் கூட்டினேன். ஞாயிறு விடியலில் அளவெட்டியிலிருந்து கீரிமலை, அங்கிருந்து கடலோரமாக மயிலிட்டித் துறைமுகம், திரும்பவும் அதே வழி. முதல் நாளே சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"என்ன ரீச்சர், ஆரும் துரத்துகினமோ?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. அதுதான் பிரச்சினை," என்றேன். அவர் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்தி. தனிமை பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வேன். பழகவில்லை. ஞாயிறு மத்தியானம் ஒரே ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கும்போது அழுகை வரும்.

கீரிமலை தாண்டிச் சற்றுத் தூரத்தில், முன்பு ஆமியின் காவலரண் இருந்த ஒரு வளைவு. காணிகளை விட்டுக்கொடுத்து ஆமி போன பிறகு அங்கே மிஞ்சியவை கூரையில்லாத ஒரு வீடும் ஒரு நாயும்தான். செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. எனக்கு நாய் என்றால் பயம். அது எழும்பி நடு வீதியில் நின்றதும் வகுப்பறைக் குரலில், "என்ன?" என்று அதட்டினேன்.

வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. மயிலிட்டி வரைக்கும் கூடவே ஓடியது, திரும்பியும் வந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ஓடினோம். "வா, வா" என்று ஆசையாகக் கூப்பிட்டால் கடலைப் பார்க்கும். பொறுமை கெட்டு, "என்ன? என்ன பார்வை?" என்று சீறினால் உடனே வந்து காலடியில் நிற்கும். என்னுடைய ஒன்பதாம் வகுப்பும் இப்படித்தான், அதட்டினால்தான் அசையும் என்று நினைத்துக்கொண்டேன். அது பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும்போது எனக்குக் கதைக்க ஆள் இருந்தது. கிழமை முழுக்க மனதில் கிடந்ததையெல்லாம் அதனிடம்தான் கொட்டினேன்.

ஆனால் திரும்பும்போது அந்த வளைவுக்கு இப்பால் அது ஓர் அடி வைக்காது. பாண் துண்டு காட்டினேன். கயிறு போட்டு இழுத்தேன், படுத்துவிட்டது. "வாடா ராசா, வீட்டை போவம்" என்று கெஞ்சியும் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் எனக்கு அதட்ட வராது.

மாசி மாதத்தில் காணிக்காரர் வந்து பற்றை வெட்டத் தொடங்கினார். வீட்டை இடிக்க இயந்திரமும் வந்து நின்றது. வேலைக்காரர்கள் நாய்க்குக் கல்லெறிந்தார்கள். ஒரு ஞாயிறு அது முன்னங்காலை நொண்டிக்கொண்டே என்னோடு ஓடியது. இன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அடுத்த கிழமை இது இருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மயிலிட்டியில் தேநீர்க் கடை வாசலில் இருந்து, "வா, கால் பாப்பம்" என்றேன். அசையவில்லை. மீன் ஏற்றத் தெற்கிலிருந்து வந்திருந்த லொறிச் சாரதி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குந்தியிருந்து, கையை நீட்டி, மெதுவாக, "என்ன... என்ன..." என்றார். நாய் நொண்டியபடி அவரிடம் போய்த் தலையைக் கொடுத்தது.

"என்ன கேக்கிறியள் அதிட்டை?"

"நான் ஒண்ணும் கேக்கல்ல அக்கா. சிங்களத்தில 'என்ன' எண்டா, வாங்க. இது ஆமி கேம்ப் நாய்."

தெரியாத சொல்லா? சோதனைச் சாவடிகளில் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். என் வாயிலிருந்து வந்தபோது அது தமிழாகவே இருந்ததால் எனக்குப் புலப்படவில்லை. சாரதி நாயின் காலைத் தடவிப் பார்த்தார். முறிவு இல்லை என்றார்.

"நாய்க்கு நாங்க இப்படிச் சொல்றதில்ல அக்கா. 'வரெங்' எண்டுதான், வாடா எண்ட மாதிரி. யாரோ இதை மரியாதையா வளத்திருக்கான்."

திரும்பும் வழியில் ஓடவில்லை, நடந்தேன். பொறாமையாக இருந்தது. இத்தனை ஞாயிறும் அது என்னிடம் வரவில்லை, அந்த முகம் தெரியாதவனின் சொல்லுக்குத்தான் வந்திருக்கிறது. நான் விரட்டிய ஒவ்வொரு முறையும் அதற்கு, வாருங்கள், வாருங்கள் என்று கேட்டிருக்கிறது. என் வாசலில் வந்து நின்ற எத்தனையோ பேரிடம் இதே சொல்லை இதே குரலில் சொல்லியிருக்கிறேன். ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை.

வளைவு வந்தது. நாய் வழக்கம்போல நின்றது. நான் கடந்து போய்த் திரும்பி நின்றேன். கேள்வியாக இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வீதியில் குந்தி, அவர் செய்ததுபோலக் கையை நீட்டி, "என்ன" என்றேன்.

இடிக்கப்போகும் வீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு நொண்டி நொண்டி வந்தது.

அன்று பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்து, வழக்கமான சலிப்போடு, "என்ன?" என்றேன். கதிரைக்குக் கீழிருந்து நகம் தரையில் படும் சத்தம் கேட்டது. நாய் வந்து என் முழங்காலில் தாடையை வைத்தது, பிறகு ஒருதரம் குரைத்தது.

"யாருடி அங்க?" என்றாள் சிநேகிதி. "நீ தனியாத்தானே இருக்க?"

"நான்தானடி கூப்பிட்டனான்," என்றேன். "வந்திட்டார்."