மிசின் நின்ற நேரம்

கிணற்றுக்குள் இறங்குகிறவன்தான் மேலே கயிறு பிடிக்கிறவனைத் தெரிவு செய்வான். வீட்டுக்காரர்கள் அதில் தலையிட மாட்டார்கள். ஆவணி, புரட்டாதியில் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விடும். அப்போது மிசின் வைத்து மிச்சத்தையும் இறைத்து, அடியில் படிந்த சேற்றை அள்ளித் துப்பரவாக்குவோம். கீழே ஒருவர், மேலே ஒருவர். மேலே நிற்பவன் சேற்று வாளியை இழுக்க வேண்டும், இடுப்புக் கயிற்றைப் பிடிக்க வேண்டும், மிசினில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிசின் நின்றாலும் ஊற்று நிற்காது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

என்னையும் ஒருவர் தெரிவு செய்தார். சொந்தமில்லை, அண்ணை என்று கூப்பிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேசன் வேலைக்குக் கையாள், மினிபஸ்ஸில் நடத்துநர், கரையில் வள்ளம் இழுப்பவன் என்று எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அவர் எடுத்தார்.

முப்பது வருடமாகக் கிணற்றுக்குள் இறங்கிய அவருக்கு நீந்தத் தெரியாது. "தண்ணியில்லாத கிணத்துக்கு நீச்சல் எதுக்கடா?" என்பார். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பகிடிதான்: "தேத்தண்ணி வந்தால் முழுக்கக் குடிச்சுப் போடாதை. கீழையும் ஒரு சீவன் கிடக்கு."

அந்த வேலையில் இரண்டு கோடை நின்றேன். என் வாழ்க்கையில் அதுதான் அதிகம்.

கஞ்சா எனக்குக் கரையில் வேலை செய்தபோது பழகியது. சிகரட்டுக்குள் வைத்து இரண்டு இழுப்பு. முதலில் வேலை முடிந்த பிறகு மட்டும் என்று வைத்திருந்தேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கும் பிறகு காலையில். ஒவ்வொரு முறையும் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினேன், நகர்த்தியது அப்போது பெரிதாகத் தெரியவில்லை. வெறிகாரனைப் போலத் தள்ளாடியதில்லை, ஒருவரோடும் சண்டை பிடித்ததில்லை. அதனால் பிழை ஒன்றுமில்லை என்று நினைத்தேன்.

அளவெட்டியில் ஒரு வீடு. அண்ணை கீழே சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். வாளி நிறையக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். இடுப்புக் கயிற்றைக் கப்பித் தூணில் கட்டிவிட்டு வாழைப்பாத்திக்குப் பின்னால் போனேன். பற்றவைத்தேன். வாழை இலையில் வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். மிசின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இடையில் யாரோ யாரையோ கூப்பிடுவதும் கேட்டது. பக்கத்து வளவாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கார அம்மா தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தா.

"தம்பி, வேலை முடிஞ்சுதே? மிசின் நிண்டு கனநேரமாச்சு. அதுதான் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஊத்திக்கொண்டு வாறன். மற்றவர் எங்கை?"

மிசின் நின்றிருந்தது. என் காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் இரண்டு இழுப்பு என்று நினைத்த நேரத்தில் அந்த அம்மா அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்திருக்கிறா.

எட்டிப் பார்த்தேன். அண்ணையின் நெஞ்சுக்கு மேலே தண்ணீர். பாசிச் சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு நின்றார். கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அந்த அம்மாவும் சேர்ந்து இழுத்துத்தான் அவரை மேலே எடுத்தோம்.

கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து இருமினார். பிறகு கேட்டார்.

"எண்ணெய் முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை. நான் ஒண்டுக்குப் போனனான்."

என் கண்ணைப் பார்த்தார். தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போனபோது மனைவி முற்றத்தில் நின்றா. என்னை இருக்கச் சொல்லவில்லை. அண்ணைதான் படலை வரைக்கும் வந்து கதைத்தார்.

"உந்தப் புகையை விட்டிட்டு ஒரு மாசம் நில். மேலை சேறு கொட்டுற வேலையைச் செய். பேந்து கயிறு தாறன்."

"ஓம் அண்ணை."

"நான் உன்னை ஏசேல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அதைத்தான் சொல்லுறன்."

ஏசியிருந்தால் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். பதினொரு நாள் அதைத் தொடாமல் சேறு கொட்டினேன். நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கொடிகாமத்துக்கு பஸ் ஏறினேன். சந்தையில் மூட்டை தூக்குகிற வேலை. அங்கே கண்ணை ஒருவரும் பார்ப்பதில்லை. கை வழுக்கினால் மூட்டைதான் விழும்.

அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவுகள் எல்லாம் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வான் ஓட்டக் கேட்டார்கள், மாட்டேன் என்றேன். என் அக்கா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தா, அதையும் வேண்டாம் என்றேன். வேலை பாரமா, சம்பளம் காணுமா என்று பார்ப்பதில்லை. என்னை நம்பி யாராவது நிற்க வேண்டி வருமா என்று மட்டும் பார்ப்பேன். வருமென்றால் விலகிவிடுவேன். சிகரட்டை விடுவதை விட அது சுகமாக இருந்தது. கயிறு கேட்ட ஒரு வேலையை விட்டேன், பிறகு கயிறு இருக்கிற எல்லாவற்றையும் விட்டேன். இப்போது நாற்பத்தொன்று. வாடகை அறை, ஒரு சைக்கிள்.

இந்தக் கோடையில் நெல்லியடியில் ஒரு வளவுக்குள் மிசின் சத்தம் கேட்டது. சைக்கிளால் இறங்கிப் போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கட்டில் காலை ஊன்றி அண்ணையின் மனைவி நின்றா. கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தா. மிசினில் நேரே கண் படுகிற மாதிரி நின்றா. உள்ளங்கையில் துணி கட்டியிருந்தது.

எனக்குக் கையில் கஞ்சாச் சாமான் கிடைக்காமல் அன்றைக்கு நாலாம் நாள். தலை தெளிவாக இருந்தது. அதை அவவிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. வேறு மாதிரித்தான் வாயில் வந்தது.

"அக்கா, கொஞ்சம் நான் பிடிக்கட்டோ? கை நோகுமெல்லே."

"வேண்டாம். நீர் போம்."

கீழே இருந்து அண்ணையின் குரல் வந்தது. "ஆரோடை கதைக்கிறாய்?"

அவ என்னைப் பார்த்துக்கொண்டே கிணற்றுக்குள் சொன்னா.

"ஒருத்தருமில்லை. நீங்கள் வேலையைப் பாருங்கோ."

சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வந்தேன். மிசின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று பின்னேரமே தேடிப்போய்ச் சாமான் வாங்கினேன்.