கையுறைக்குள் தெரிந்த வெள்ளைக் கட்டிகள்

யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் லேப் அசிஸ்டன்டாக இருந்தேன். ஒருமுறை நத்தார்ப் பண்டிகையை, அதாவது கிறிஸ்மஸை, ஒட்டிச் செய்த கையுறைகள் வெளிநாட்டில் இழுத்த இழுப்பிலேயே கிழிந்தன என்று புகார் வந்தது.

மெனேஜர் உடனே எங்களுக்கு ரப்பர் பால் அனுப்பும் தோட்டத்தின் கீழ் டிவிசன் மேல் பாய்ந்தார். "அந்தப் பால்ல குப்பை. இனி எடுக்க வேணாம்."

அங்கே ரப்பர் மரங்களில் பால் வெட்டும் பிலோமினாக்கா எனக்குக் கோயில் பழக்கம். வாளியோடு லேப் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு தடவ வடிகட்டித்தான் ஊத்துறோம் தம்பி. பால நிறுத்துனா டிவிசன்ல யாருக்கும் வேல இல்ல. நீங்களாச்சும் சொல்லுங்க."

எனக்கு மில் நினைவுதான் வந்தது. பாலோடு கலக்கும் சிங்க் ஒக்சைட் தூளை, குண்டுகள் உருளும் போல் மில்லில் இரண்டு நாள் அரைக்க வேண்டும். நத்தார் பூசைக்கு நேரமாகிறதென்று அன்று ஒரே நாளில் மில்லை நிறுத்தியவன் நான். அதனால் என்ன வந்துவிடும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "பார்ப்போம் அக்கா" என்றேன். எங்கள் டெஸ்டுகளில் எதுவும் பிடிபடவில்லை.

வாங்குபவர்கள் அந்தக் கையுறைகளைச் சிங்க்ரோட்ரானுக்கு அனுப்பினார்கள். அங்கே இலத்திரன்களைப் பெரிய வளையத்தில் அதிவேகமாகச் சுற்றவிட்டு, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு வலுவான கதிரை எடுக்கிறார்கள். ரப்பரை வெட்டாமலே உள்ளே பார்க்கலாம். படத்தில் குப்பை இல்லை. கிழிந்த ஓரமெல்லாம் அரைபடாத சிங்க், வெள்ளைக் கட்டிகளாக நின்றது.

படத்தைப் பார்த்ததும் மெனேஜரிடம் போனேன். "சேர், மில்ல நேரத்தோட நிறுத்துனது நான். பால்ல ஒரு குத்தமும் இல்ல."

மெனேஜர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "சரி. அத எழுதிக் குடு. பால் லொறிய நான் அனுப்புறேன்."

என் வேலையும் டிவிசன்காரர் வேலையும் தப்பின. பிறகு அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தே அரைக்கும் முறையைத் திருத்தினோம். நன்றாக அரைத்தால் சிங்க் குறைவாகவே போதும் என்று தெரிந்தது. களனி கங்கைப் பக்கம் போகும் கழிவு நீரிலும் அது குறைந்தது.

மெனேஜரிடம் ஒப்புக்கொண்ட அன்று மாலையே, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்.

"தெரியும் தம்பி. எப்பவும் ரெண்டு நாள் ஓடுற மில்லு சத்தம் நத்தார் அன்னைக்கு லயத்துக்குக் கேக்கலையே."

"அப்ப ஏன் மெனேஜர்கிட்ட சொல்லல?"

"ஒங்களுக்கும் புள்ளைங்க இருக்கே. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். தேத்தண்ணி குடிங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளே, புகார் வந்தால் முதலில் மில் ஓடிய நேரம் எழுதும் உங்கள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அடுத்தவர் வாளியை அதற்குப் பிறகு பார்க்கலாம். அக்காவை வாசலில் நிற்கவைத்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.