கட்டிலருகே இருப்பவரைப் பார்க்க வந்த பிலோமினா அக்கா

நான் மன்னார்ச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டு நின்றபோது பிலோமினா அக்காவின் மகள் ஜெசி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணை, அம்மா விடியப் போயிட்டா. நோவில்லாமல்தான் போனவ," என்றாள். மீன் வாங்க நின்றவர்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். தராசை வைத்துவிட்டு அவர்களுக்கும் சொன்னேன்.

புற்றுநோய்க்காரரைப் பார்க்க எல்லோரும் போவார்கள். அவரைப் பராமரிப்பவரைப் பார்க்கப் போனவர் அக்கா. தன் கணவரை அந்த நோயில் தனியே நின்று பார்த்த பிறகு, வேறு எவரும் அப்படி நிற்கக் கூடாதென்று தொடங்கிய வேலை அது. அவரை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

என் மனைவி மரியாவைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் வந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கும் வந்தார். மரியாவிடம் சுகம் விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கள் எப்ப ஒழுங்காச் சாப்பிட்டனீங்கள்?"

"நான் நல்லாத்தான் இருக்கிறன் அக்கா."

"நான் அதைக் கேக்கேல்லை."

மரியாதான் சொன்னாள்: "நித்திரையும் கொள்ளுறேல்லை அக்கா. நான் சொன்னாக் கேக்கமாட்டார்."

அக்கா கதிரையை இழுத்துப்போட்டு மரியாவின் அருகில் அமர்ந்தார். என்னைப் படுக்க அனுப்பினார். நான் எழும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இலுப்பைக்கடவையில் இருந்த என் தம்பிமார் தொலைபேசியில் விசாரிப்பதோடு சரி. அக்கா பஸ் ஏறி அவர்களிடமே போனார். "உதவி வேணுமெண்டால் அண்ணன் கேட்டிருப்பாரே" என்றார்களாம். "கேக்கிற தெம்பும் அவருக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆர் வாறீங்கள்?" என்று முற்றத்தில் நின்றே கேட்டிருக்கிறார். அந்த ஞாயிறு மூத்தவன் வந்தான். பிறகு முறை வைத்து வந்தார்கள். நான் மறுபடி சந்தைக்குப் போனேன். மரியா தேறினாள். இன்று பூசைக்கு என்னை முந்திக்கொண்டு நடக்கிறாள்.

அக்காவுக்கே நோய் வந்தபோது ஜெசி தனியே நிற்கவில்லை. மரியா சமைத்துக்கொண்டு போனாள். தன் தாயைப் பராமரித்த நாட்களில் அக்காவின் துணை பெற்ற சபீனா, பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து பின்னேரங்களில் வந்து இருந்தாள். "பாத்தியளோ, என்ர பிள்ளை வெளியில போய்ச் சிரிச்சுக்கொண்டு வாறாள்," என்றார் அக்கா. நினைத்ததைச் சாதித்தவரின் முகம் அது.

அவர் போய்வந்த வீடுகளை, அவரிடம் துணை பெற்ற நாங்கள் பொறுப்பெடுத்திருக்கிறோம். அவற்றில் ஒரு வீடு என் பங்கு. அடக்கம் முடிந்த மறுநாள், மனைவியைப் பராமரிக்கும் ஒருவரின் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

"அக்காவோட எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சன்," என்றார் அவர்.

"இல்லை," என்றேன். "நாங்கள் கனபேர் இருக்கிறம்."