சாராயம் மட்டும் என்றொரு சத்தியம்

திண்டிவனத்தில் கல்லூரி விரிவுரையாளராகச் சேர்ந்தபோது எனக்கு அமெரிக்க வரலாற்றுப் பாடத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்பதைவிடத் தலையில் கட்டினார்கள் என்பதே சரி. மூத்தவர்கள் சோழரையும் சுதந்திரப் போராட்டத்தையும் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிஞ்சியது அதுதான். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. அண்ணன் வீட்டில் என் கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தையல் மிஷினைப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு, லீவுக்குக்கூட ஊருக்குப் போகிற ஆசை விட்டுப்போயிற்று.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி விழுப்புரம் போவேன். ஜங்ஷனில் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து, ஒரு வாரப் பத்திரிகையும் வாங்கிக்கொண்டு, தெற்கே போகிற ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஜன்னலோரத்தில் யாராவது எங்கள் ஊர்ப் பேச்சில் குழந்தையை அதட்டினால் போதும், வந்த வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். தனியாக இருக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையை வேறு எப்படிக் கழிப்பது என்று தெரியவில்லை.

பாடம் மட்டும் எனக்குப் பிடித்துப்போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி. ஒரு ஜனாதிபதி பதவியேற்ற அன்று ஜனங்கள் சேற்றுக் காலோடு அவருடைய மாளிகைக்குள் புகுந்து, பீங்கான்களை உடைத்து, பட்டு நாற்காலிகளின் மேல் ஏறி நின்றார்கள். கடைசியில் குடிக்கிற பானத்தைத் தொட்டியோடு வெளியே புல்வெளிக்குத் தூக்கிப்போன பிறகுதான் கூட்டம் கலைந்ததாம். இதைச் சொன்னால் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். "நம்ம ஊரு கட்சி மாநாட்டுப் பந்தி மாதிரியே கீது மேடம்" என்று ஒருவன் சொல்வான்.

சொத்தில்லாத வெள்ளைக்காரனுக்கும் ஓட்டு வந்த காலம் அது. அடிமைகளுக்கு இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஓட்டில்லாத பெண்கள் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. சங்கம் வைத்தார்கள், அடிமை முறையை எதிர்த்தார்கள், குடியை எதிர்த்தார்கள். யாரைப் பார்த்தாலும் யாரையாவது திருத்தக் கிளம்பியிருந்தார்கள். அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. திருத்துகிற குணம் எனக்கும் கொஞ்சம் உண்டு. அண்ணி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள்.

நான் இருந்தது மாடியில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்கார அக்கா. கத்தோலிக்கக் குடும்பம், பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவர் லாரி டிரைவர். மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்கிற வேர்க்கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போய் வருவார். அவர் வெளியே போன நாட்களில், பொழுது சாய்ந்ததும் அக்கா குழம்புக் கிண்ணத்தோடு மேலே வந்துவிடுவார். என் சோறு, அவர் குழம்பு. இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். அவர் வராத நாட்களில் நான் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்துவிடுவேன்.

"இன்னா டீச்சர் படிச்சிக்கினு கீறீங்க, எனக்கும்தான் சொல்லுங்களேன்" என்பார். சொல்வேன். அமெரிக்காவில் குடிகாரர்களிடம் 'இனித் தொடமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய சங்கங்களைப் பற்றி ஒரு நாள் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அவர் கணவர் குடிப்பது தெருவுக்கே தெரியும். சாராயக் கடைகள் திறந்திருந்த வருடங்கள் அவை. விக்கிரவாண்டி அருகே ஒரு தடவை லாரியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வண்டிச் சாவியைப் பிடுங்கிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சாவி போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. குடித்துவிட்டு வந்தால் அக்கா மேல் கையும் ஓங்குவார். அக்கா அதை என்னிடம் சொன்னதில்லை. சுவர் சொல்லிவிடும்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்க இருந்தது. ஈஸ்டர் வரைக்கும் குடிக்காமல் இருந்துவிட்டு, ஈஸ்டர் அன்றைக்கு வட்டியும் முதலுமாகக் குடிப்பது அவர் வழக்கம். "இந்த வாட்டி சாவற வரைக்கும்னு சத்தியம் வாங்கிடணும் டீச்சர். நீங்க எழுதிக் குடுங்க. அவுரு கையெழுத்துப் போட்டதும் மாதா காலடியில வச்சிடுவேன். மாதா கிட்ட வச்சத அவுரு மீற மாட்டாரு" என்றார் அக்கா. வீட்டு மாடத்தில் இருந்த மாதா சிலையிடம் அந்த மனிதருக்கு மெய்யாகவே பயம் உண்டு.

நான் உட்கார்ந்து எழுதினேன். சாராயம், கள், பிராந்தி, விஸ்கி, பீர், ஒயின், ஒன்றையும் விடவில்லை. ஏன் என்றால் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் காய்ச்சி வடித்த சரக்கை மட்டும் விடுவதாகத்தான் அங்கே கையெழுத்து வாங்கினார்கள். பீரும் ஆப்பிள் மதுவும் கணக்கில் வரவில்லை. பிறகு அது போதாது, எல்லாவற்றையும் விடு என்று ஒரு கட்சி எழுந்தது. சங்கங்கள் பிளந்தன, பலர் விலகிப் போனார்கள். நான் எல்லாவற்றையும் விடச் சொன்ன கட்சி.

மறுநாள் சாயங்காலம் அக்கா அந்தத் தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். குழம்புக் கிண்ணம் இல்லை.

"படிச்சிப் பாத்தாரு டீச்சர். முடியாதுன்னுட்டாரு. சாராயம் மட்டும்னா போடறேன்னு சொல்றாரு. சாராயம் மட்டும்னு எழுதிக் குடுங்க."

"அக்கா, பாண்டிச்சேரி பக்கத்துல இருக்கு. சாராயத்த விட்டுட்டு பிராந்தி குடிப்பாரு. அதுக்கு எதுக்கு மாதா?"

"சாராயம்தான் தெனம் டீச்சர். பிராந்தி எப்பனா ஒரு நாளு. பாண்டிக்குப் போவணும், காசு வேணும். தெனமும் ஆவுமா?"

"அரைச் சத்தியமெல்லாம் நான் எழுத மாட்டேன்."

அப்போதும் விடவில்லை நான். அமெரிக்கச் சங்கங்களின் கதை முழுவதையும், வகுப்பில் சொல்வதைப்போலவே, நின்றபடி சொன்னேன். அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "நீங்க புக்கோட இருக்கீங்க டீச்சர். புக்கு இன்னா, தொறந்தா தொறக்கும், மூடுனா மூடும். நான் ஒரு ஆம்பளயோட இருக்கணுமே."

சுருக்கென்றது. பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. யாராவது கேட்டால் இப்போதும் பிராந்தியைச் சேர்த்துத்தான் எழுதுவேன். ஆனால் அன்றைக்குப் பிறகு அக்கா மேலே வரவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், பிறகு வீம்பை விழுங்கிவிட்டு நானே கீழே போனேன். "தாளக் குடுங்க அக்கா, நீங்க கேட்ட மாதிரியே எழுதித் தாரேன்" என்றேன்.

"எழுதியாச்சு டீச்சர்" என்றார்.

"யாரு எழுதினா?"

"அவுரே எழுதிட்டாரு."

மாதாவின் காலடியில் மடித்த தாள் இருந்தது. அக்கா அதை எடுத்துக் காட்டவில்லை. காட்டுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. உட்காரச் சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அக்காவின் கணவர் அதற்குப் பிறகு, ஈஸ்டர் கழிந்தும்கூட, சாராயத்தைத் தொடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவர் அமைதியாயிற்று. லோடு இல்லாத நாட்களில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே சாப்பிடுவது மேலே கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று புரியாது, சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்கும். அக்காவுக்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பட்டேனா என்றால், இல்லை. வயிறு எரிந்தது.

வகுப்பில் அந்தக் குடி எதிர்ப்புச் சங்கங்கள் பிளந்த பகுதியை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "ரெண்டு கட்சியில எது சரி மேடம்?" பரீட்சைக்கு இரண்டையும் எழுது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஈஸ்டர் வந்தது. அன்றைக்கு நான் விழுப்புரம் போகவில்லை. போன வருடம் அக்கா எனக்கும் ஒரு தட்டுப் பிரியாணி கொண்டுவந்திருந்தார். அதனால் சோறு வடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்தார்கள். கீழே மசாலா வதங்கும் வாசனை வந்தது. "பாண்டி சரக்கு, சாராயம் இல்ல, மாதாவே சாட்சி" என்று அவர் உரக்கச் சொல்ல, "ஒண்ணோட நிறுத்துங்க, ஆமா" என்று அக்கா அதட்டினார். எங்கள் ஊர்ப் பேச்சு இல்லைதான், ஆனாலும் அந்த அதட்டலை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

மத்தியானம் படியேறி வருகிற சத்தம் கேட்டது. அக்காவின் நடைதான். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயை விரித்து, இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் என் வாசலைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போய்க்கொண்டிருந்தார். காய்ந்த துணிகளை எடுத்து, கணவருடைய சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்து, "சாப்ட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார்.

"ஆச்சு அக்கா" என்றேன். அவர் இறங்கிப் போனார்.