குடும்பத்தோடு வந்தால் மட்டும்

சங்கையாவிடம் ராட்டினத்தைப் பற்றி யாரும் நேராகப் பேசுவதில்லை. அவன் காதில் விழும்படிதான் பேசுவார்கள். எழுபத்தாறாம் வருஷம் தை மாதம் குமுளி மைதானத்தில் புது ராட்டினம் ஓடத் தொடங்கியதற்கு மறுநாள் திங்கட்கிழமையும் அப்படித்தான் நடந்தது. தேயிலை ஃபேக்டரியில் இலை நசுக்கும் ரோலர் மெஷினுக்கு அவன் வாடிய கொழுந்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். சுற்றி நின்றவர்கள் மெஷின் இரைச்சலையும் மீறி, முந்தின நாள் தங்களுக்கு நேர்ந்ததைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவருக்கு மேலே போனதும் முழங்கால் இரண்டும் கழன்று போனதாம். இன்னொருவர் மனைவி இறங்கி அரை மணி நேரம் ஆகியும் பூமி நிற்கவில்லை என்று புருஷனின் சட்டையை விடவே இல்லையாம். கொழுந்து நிறுக்கும் கண்டக்டர் அத்தனை பேரையும் அதட்டுகிறவர். அவர் உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றதை அடுத்த பெட்டியில் இருந்த அவருடைய ஆட்களே கேட்டிருக்கிறார்கள்.

சங்கையாவின் கூட்டாளி பெரியமுத்து விவரமாகச் சொன்னான். கையால் தள்ளுகிற ராட்டினம் இல்லை, டீசல் எஞ்சின். பழைய மரத்தொட்டில் இல்லை, வர்ணம் அடித்த இரும்புப் பெட்டி. பெட்டிக்கு நாலு பேர். எதிரும் புதிருமாக முகம் பார்த்து உட்காரலாம். உச்சியில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கிறார்கள். நின்றால் மலைச்சரிவுக்கு அந்தப் பக்கம் கம்பம் வரைக்கும் தெரிகிறது.

“எறங்கும்போது வயிறு எங்க நிக்குது?” என்று சங்கையா கேட்டான்.

பெரியமுத்து திரும்பிப் பார்த்தான். ஏழு வருஷத்தில் ராட்டினத்தைப் பற்றி அவன் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்கு முன்பு அவன் பேச்சே அதுதான். எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டில் வளர்ந்தவன். பத்து வயதில் அப்பனோடு மலையிறங்கி வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனவன் அம்மனைப் பார்த்தானோ இல்லையோ, ராட்டினத்தை விட்டு நகரவில்லை. அன்றிலிருந்து கம்பம், கூடலூர், போடி என்று எங்கே தொட்டில் கட்டினாலும் ஆள் அங்கே இருப்பான். அவனுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஏறும்போது வயிறு கீழே தங்க வேண்டும், இறங்கும்போது மேலே தங்க வேண்டும். இரண்டும் இல்லாத ராட்டினத்தைக் கிணற்று ஏற்றம் என்பான். கீழே நின்று அலறலைக் கேட்டே, இது முதல் தடவை ஏறியவள், இது பயந்த மாதிரி நடிக்கிறவள் என்று பிரித்துச் சொல்வான். ராமுத்தாயைக் கட்டிக்கொண்ட புதிதில் அவளையும் கூப்பிட்டுப் பார்த்தான். பஸ்ஸில் மலையிறங்கினாலே எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காதவள் அவள். அவன் சுற்றுவதைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

அறுபத்தொன்பதில் அவர்கள் பெண்குழந்தை பதினோரு மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனது. பேச்சியம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். புதைத்த முப்பதாம் நாள், வீரபாண்டித் திருவிழாவில், சங்கையா ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை எஸ்டேட் லாரி டிரைவர் பார்த்தார். ஒத்தையாக உட்கார்ந்து ஊரே திரும்பிப் பார்க்கும்படி கூச்சல் போட்டுக்கொண்டு சுற்றினானாம். இறங்கி மறுபடி மறுபடி ஏறினானாம். லாரி மலையேறி வந்த வேகத்தில் செய்தியும் வந்தது. எட்டு வீடுகளுக்கு ஒரே கூரை போட்ட லயம் அது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் எட்டு வீடும் தும்மும். அவன் வீடு திரும்புவதற்குள் ராமுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. என்ன என்று அவள் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் அந்த இடத்திலேயே, தன் பேரை அடித்துவிடச் சொல்லிவிட்டு அவள் குமுளிக்கு நடந்தாள். அங்கே ஓர் ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் வேலை. அவன் அதன்பிறகு ராட்டினம் ஏறவில்லை. குமுளிக்குப் போனால் அந்தக் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போவான்.

பெரியமுத்து சொன்ன அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை அவனுக்குக் கொழுந்து வாசனை தெரியவில்லை, சோறு இறங்கவில்லை. ராட்டினம்தான் இழுக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் பெரியமுத்து சொன்னதில் எஞ்சினும் உச்சியும் மறந்துவிட்டன. எதிரும் புதிருமாக முகம் பார்த்து உட்காரலாம் என்றது மட்டும் மறக்கவில்லை.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினான். மைதானத்துக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. பச்சையும் மஞ்சளுமாகப் பன்னிரண்டு பெட்டிகள். எஞ்சின் ஒரே சீராக இரைந்தது. பழைய ராட்டினங்களைப் போல அச்சு முனகவில்லை. பெட்டிகள் மேலேறி, ஒரு கணம் தயங்கி, முன்னால் விழுந்தன. விழும்போது வயிறு மேலேதான் தங்கும் என்று கீழே நின்றபடியே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. நல்ல ராட்டினம். கண்ணில் நீர் முட்டியது.

வாசலில் பலகை இருந்தது. தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றைத்தான் எழுதியிருந்தார்கள்: குடும்பத்தோடு வந்தால் மட்டும் அனுமதி. போன ஊரில் இளவட்டங்கள் பெண்கள் பெட்டியில் ஏறி வம்பு செய்துவிட்டார்களாம். அதிலிருந்து தனி ஆண்களை ஏற்றுவதில்லை.

சங்கையா வாசற்காரனிடம் கெஞ்சிப் பார்த்தான். இருபத்தெட்டு வருஷமாக ராட்டினம் ஏறுகிறவன் என்றான். தனிப் பெட்டியில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். வாசற்காரன் நல்ல மனுஷன்தான், சலிக்காமல் கேட்டான்.

“சம்சாரம் எங்கண்ணே?”

“இங்கதான். ஏலக்காய்க் கடையில.”

“அப்பறம் என்ன? போய்க் கூட்டிட்டு வாங்க.”

அவ்வளவு எளிதாக அதை இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. வரிசையை விட்டு விலகி நடந்தவன், கால் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை.

அறுவடைக் காலம் என்பதால் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது. முப்பது பெண்கள் முறத்தை மடியில் சாய்த்து வரிசையாக உட்கார்ந்து பச்சைக் காயையும் வெளுத்த காயையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ராமுத்தாய் இருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அவனைப் பார்த்தாள், பார்த்த கண்ணை முறத்துக்கே கொண்டுபோய்விட்டாள்.

“சிசிலி, யாரைத் தேடி வந்திருக்காருன்னு கேளு.”

பக்கத்தில் இருந்த சிசிலி வண்டிப்பெரியாறுக்காரி. கடையில் ராமுத்தாய்க்கு இருந்த ஒரே தோழி.

“ஒன்னத்தான் தேடி வந்திருக்காரு. இதக் கேக்க நான் எதுக்குடி நடுவுல?”

சங்கையா தலையைச் சொறிந்துகொண்டு புது ராட்டினம் வந்திருப்பதைச் சொன்னான். டீசல் எஞ்சின் என்றான், அச்சு சத்தமே போடவில்லை என்றான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அன்னிக்கு ஒத்தையா போனவரு இன்னிக்கு எதுக்குத் தொணை தேடுறாருன்னு கேளு சிசிலி.”

“ஒத்த ஆள விடமாட்டேங்குறான். குடும்பமா வரணுமாம்” என்றான் சங்கையா. சொன்ன பிறகுதான், அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்தது.

“சீட்டு வாங்கத்தான் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சாக்கும்.”

சிரிப்பு நின்றுபோயிற்று. ராமுத்தாயின் விரல்கள் மட்டும் காய்களை விடாமல் பிரித்துக்கொண்டிருந்தன. அவன் திரும்பிப் போயிருக்கலாம். வாசல்படி வரை போகவும் செய்தான். அங்கே நின்று, முப்பது பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறந்து சொன்னான்.

“அன்னிக்கு நான் வெளையாடப் போகல ராமுத்தாயி. அழத்தான் போனேன். லயத்துல எங்க அழுவேன், எட்டு வீட்டுக்கும் கேக்கும். ஒனக்கும் கேக்கும். ராட்டினத்துலதான் எல்லாரும் கத்துறாங்க.”

அவள் நிமிரவில்லை. முறத்தை இரண்டு தரம் புடைத்தாள்.

“அழுகுறதுக்கு ராட்டினமாம். கதை நல்லாருக்குன்னு சொல்லு சிசிலி.”

சங்கையா படியிறங்கி நடந்தான்.

அந்த வாரம் முழுக்க சங்கையா ரோலர் பக்கத்தில் ஊமை மாதிரி நின்றான். நடந்ததைப் பெரியமுத்து பிடுங்கிப் பிடுங்கித் தெரிந்துகொண்டான். ஏழு வருஷம் கழித்துப் போய் என்ன கேட்டாய் என்று விசாரித்தான். ராட்டினத்துக்கு வர்றியா என்று கேட்டதாக சங்கையா சொன்னான்.

“நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேக்கலையா?”

“இல்ல.”

“வெளங்கிரும் மாப்ள. அவ மொறத்தாலயே நாலு வச்சு அனுப்பியிருக்கணும்.”

பெரியமுத்து சிரித்தான். சங்கையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி படுத்தால் காதோரத்து நரைதான் கண்ணுக்குள் நின்றது. தன்னோடு இருந்திருந்தால் அந்த நரை வந்ததே தெரிந்திருக்காது, நாளுக்கு ஒரு முடியாக வந்திருக்கும் என்று நினைத்தான். கேட்க வேண்டியது ராட்டினத்தைப் பற்றி அல்ல என்று ஏழு நாளும் யோசித்து முடிவுக்கு வந்தான். நல்லாருக்கியா என்று கேட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அவள் சிசிலியிடம் பதில் சொன்னாலும் போதும்.

மறு ஞாயிறு அதற்காகத்தான் போனான். மைதானத்தில் அன்று கடைசி நாள். அதை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கடைக்குப் போனால் கதவு பாதி சாத்தியிருந்தது. மத்தியானத்தோடு வேலை முடிந்து பெண்கள் எல்லாம் ராட்டினம் பார்க்கப் போய்விட்டதாகக் கணக்குப்பிள்ளை சொன்னார்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்க் கம்பிவேலியைப் பிடித்தபோது, ராட்டினம் ஆளேற்றிக்கொண்டிருந்தது. மஞ்சள் பெட்டி ஒன்றில் சிசிலியும் அவள் புருஷனும் மகளும் இருந்தார்கள். நாலாவது இடத்தில், இரண்டு கையாலும் இரும்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். எலுமிச்சம்பழம் எதுவும் கையில் இல்லை.

எஞ்சின் வேகமெடுத்தது. முதல் சுற்றில் அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். இரண்டாவதில் திறந்தாள். மூன்றாவதில் சிசிலியின் மகள் வீறிட்டாள். அதோடு பன்னிரண்டு பெட்டிகளும் அலற ஆரம்பித்தன. கீழே நின்றவர்களும் சேர்ந்து கூவினார்கள். ஐந்தாவது சுற்றில் மஞ்சள் பெட்டி உச்சிக்குப் போய் நின்றது. ராமுத்தாய் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பயத்தில் அலறுகிறாளா, சிரிக்கிறாளா, வேறு எதுவுமா என்று சங்கையாவுக்குப் பிடிபடவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், காதைக் கொடுத்துப் பார்த்தான். அத்தனை சத்தத்துக்கு நடுவே அவள் சத்தம் எது என்றே பிரிக்க முடியவில்லை.

ராட்டினம் நின்றது. அவள் சிசிலியின் தோளைப் பிடித்து இறங்கினாள். அவனை அவள் முன்பே பார்த்திருக்க வேண்டும். நேராக வேலியண்டை வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மூச்சு வாங்கினாள். சிசிலி கொஞ்சம் பின்தங்கினாள்.

“நான் அழுதது கேட்டுச்சா?”

அவனைப் பார்த்துத்தான் கேட்டாள்.

“கேக்கல” என்றான் சங்கையா. பிறகு, “எல்லாரையும் மாதிரி நீயும் கத்துறன்னுதான் நெனச்சேன்.”

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சிசிலியைப் பார்த்து நீங்கள் போங்கள், நான் வந்துவிடுகிறேன் என்று கையைக் காட்டினாள். வேலியைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தவளுக்கு நிற்க முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். வாசற்காரன் அடுத்த சுற்றுக்கு ஆள் கூப்பிட்டான்.

“தலை சுத்துதா?” என்றான் சங்கையா. நல்லாருக்கியா என்று கேட்கத்தான் நினைத்தான். வந்தது அதுதான்.

“சுத்துது. உக்காருங்க.”

ராட்டினத்துக்கு முதுகைக் காட்டி, அவளுக்கு எதிரே அவன் உட்கார்ந்தான். பின்னால் எஞ்சின் மறுபடி இரைந்தது. அது அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. கொஞ்சம் குனிந்து அவன் பக்கம் வந்தாள்.

“மொதல்லேர்ந்து சொல்லுங்க.”

எங்கே தொடங்குவது என்று தெரியாமல் புல்லைக் கிள்ளினான். அவள் அவசரப்படுத்தவில்லை.

“முப்பதாம் நாள் காலையில பெரட்டுக்குப் போனேன்ல,” என்றான், “பேரு கூப்பிட்டாங்க. எனக்கு வாய் வரல.”