கழுத்துக் கோட்டில் ஓர் இடைவெளி

பல்லேபொலயில் என் அயல்வீட்டுப் பரீதா ஜாடிகளுக்கு வண்ணம் தீட்டுபவர். அமெரிக்காவின் புவெப்லோ மக்கள் செய்த பழைய ஜாடியின் படத்தைப் பார்த்து ஒரு ஜாடியில் அதேபோல வரைந்திருந்தார். மறுநாள் காலை அதை வாங்க ஆள் வருவதாக இருந்தது.

கழுத்தைச் சுற்றிய கறுப்புக் கோடு ஓரிடத்தில் சேரவில்லை. பத்திரிகையில் பிழை திருத்திப் பழகிய நான், அவர் தேநீர் எடுக்கப் போனபோது தூரிகையால் சேர்த்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் படத்தைக் காட்டினார். அதிலும் அதே இடைவெளி.

“நானா, அது உசிரு போக அந்தச் சனங்க வேணும்னே விடுற வழி. மூடமாட்டாங்க.”

மண் உறிஞ்சிய வண்ணத்தை அழிக்க முடியாது.

“பேப்பர்காரங்களுக்குக் கை சும்மா இருக்காதே,” என்று சொல்லிக்கொண்டே வேறொரு ஜாடியை எடுத்தார். மாலைவரை மறுபடி வரைந்தார். நான் கோப்பைகளைக் கழுவிவைத்தேன்.

இப்போது யாருடைய எழுத்திலாவது ஏதோ விடுபட்டதாகத் தெரிந்தால், முதலில் எழுதியவரைக் கேட்கிறேன்.